லான்ஸ் பக்கத்து ஊரில் பெரட்டுத் தப்பு

பிரான்சிலிருந்து வந்து இவ்வளவு நாளாகியும் அந்தக் கடைசி இரவைப் பற்றி எழுதவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிவிட்டேன், எழுத உட்கார்ந்தால்தான் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் போகிறது. சரி, அந்த இரவில் நான் அடித்த தப்பைப் பற்றித்தான் இது. தப்பு என்றால் எங்கள் ஊர்ப் பறை. முதலிலிருந்தே சொல்கிறேன்.

2023 கோடையில் மொழிப் பயிற்சிக்கு ஆறு கிழமை போனோம், கண்டியில் பிரெஞ்சு படித்த ஒன்பது பேர். ஆளுக்கொரு வீட்டில் தங்க வைத்தார்கள். எனக்குக் கிடைத்தது வட பிரான்சில் லான்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு செங்கல் வீடு. சன்னலைத் திறந்தால் தூரத்தில் இரண்டு கறுப்பு மலைகள் தெரியும். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிவனொளிபாதமலையைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதனால் முதல் நாள் அவற்றை மலை என்றே நினைத்துப் பெயரைக் கேட்டேன். மலை இல்லையாம். நிலக்கரியோடு மேலே வந்த கழிவுக் கல்லைப் பல வருடங்களாகக் கொட்டிக் கொட்டி எழுந்த குவியல்களாம், இன்றைக்கு ஐரோப்பாவிலேயே உயரமான குவியல்களில் அவையும் சேர்த்தி. அந்தப் பிரதேசத்தின் கடைசிச் சுரங்கம் 1990 டிசம்பரில் மூடப்பட்டது. 2012-ல் அந்தச் சுரங்கப் பகுதியை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது, கறுப்புக் குவியல்களையும் தொழிலாளர் வீடுகளையும் சேர்த்துத்தான்.

அந்த வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். பதினாலு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். 1920களில் போலந்திலிருந்து ஆயிரக்கணக்கில் சுரங்க வேலைக்குக் கூட்டிவரப்பட்டவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். என்னை 'நீ' போட்டே பேசு என்று எத்தனையோ தடவை சொன்னார். எண்பது தாண்டிய மனிதரை நான் எப்படி நீ என்பேன், பிரெஞ்சு இலக்கணம் இடம் கொடுத்தாலும் நாக்கு இடம் கொடுக்கவில்லை. கடைசிவரைக்கும் 'நீங்கள்'தான்.

ஒரு நாள் இராச்சாப்பாட்டு மேசையில் எங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? ஒரே கூரை, வரிசையாகக் காம்பிராக்கள், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், வீடு கம்பனியுடையது, தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் காம்பிரா என்று எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் கூட்டி அள்ளிச் சொல்லிக்கொண்டே போனேன். தாத்தா முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு, "கொரோன்" என்றார். சுரங்கக் கம்பனிகள் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளுக்கு அங்கே அதுதான் பெயர். நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததே ஒரு கொரோனில்தான், ஐந்து கிழமை அங்கே தூங்கி எழும்பியும் எனக்கு அது உறைக்கவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 1946-ல் வந்த சுரங்கத் தொழிலாளர் சட்டவிதிப்படி, ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு வீட்டு உரிமை உண்டு, அவர் போனால் மனைவிக்கும் உண்டு. எங்கள் ஆட்கள் 1823-லிருந்து தென்னிந்தியாவை விட்டு இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள், முதலில் காப்பிக்கு, 1869-ல் காப்பியில் இலைநோய் விழுந்தபிறகு தேயிலைக்கு. நாங்கள் பிரான்சில் இருந்தது அதற்குச் சரியாக இருநூறாவது வருடம். வீடு கட்ட அரசாங்கம் தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச் காணி எப்போது வரும் என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பிரியாவிடை நிகழ்ச்சி செய்வோம் என்று எல்லோரும் முடிவெடுத்தபோது கண்டி நடனம், ஒரு பாட்டு, உளுந்து வடை, ரோல்ஸ் என்று பட்டியல் சீக்கிரம் முடிந்தது. என் அலுமாரிக்குள் ஒரு தப்பு இருந்தது, யாருக்கும் தெரியாது. மாமாவிடம் கெஞ்சி வாங்கி உடுப்புகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுபோனது. சின்ன வயதில் லயத்துக்குப் பின்னால் வைத்து மாமா எனக்கு அடிக்கச் சொல்லிக்கொடுத்தார், வெளியில் யாரும் என்னை அடிக்க விட்டதில்லை. அம்மாவிடம் போனில் சொன்னதும், "ஏன்டி, செத்த வீட்டுல அடிக்கிறத அங்க போய் எதுக்குடி அடிக்கப்போற" என்றார். அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். தப்பு அடிக்கிறவர்களை ஊர் எங்கே நிறுத்தி வைத்தது என்று பார்த்து வளர்ந்தவர் அவர். ஆனால் சாவுக்கு மட்டுமா அது? திருவிழாவுக்கும் அதுதான், காமன் எரிந்த கதையை ஆடும் எங்கள் காமன் கூத்துக்கும் அதுதான், விடியக் காலையில் ஆட்களை எழுப்பி வேலைக்குக் கூப்பிட்ட பெரட்டுத் தப்பும் அதுதான். தாத்தா கொரோன் என்று சொன்ன அன்று இரவே எனக்கு முடிவாகிவிட்டது, காமன் கூத்தில் ஒரு துண்டு போடுவோம், தப்பு நான்தான் அடிப்பேன் என்று. ஹட்டன் தோழி ரதி, யாழ்ப்பாணத்துத் தம்பி காமன். (தோழிக்குப் பச்சைச் சேலைதான் எடுத்துவைத்திருந்தோம். பிரெஞ்சு நாடகக்காரர்களுக்கு மேடையில் பச்சை ஆகாதாம், அந்த வீட்டு அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார், உடனே சிவப்புக்கு மாற்றிவிட்டோம்.)

நிகழ்ச்சி அன்று காலையிலிருந்து மழை. ஊர் மேயர் அலுவலகம் இலவசமாகக் கொடுத்த மண்டபத்தில் சாயந்தரம் தப்பை எடுத்துத் தட்டிப் பார்த்தால் தொப் தொப் என்கிறது, ஈரத்தில் தோல் தளர்ந்துபோயிருந்தது. எங்கள் ஊர் மூடுபனியிலும் இப்படித்தான் ஆகும், வைக்கோலையோ கடதாசியையோ கொளுத்திக் காய்ச்சினால் சரியாகிவிடும். மண்டபத்துக்குள் நெருப்பு மூட்டக்கூடாது. என்ன செய்வதென்று தெரியாமல் தலைமுடி உலர்த்தும் மெசினைப் பிடித்துப் பார்த்தேன், அதற்கு அடங்குகிற தோலா அது!

தாத்தா ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய் இறைச்சி வாட்டும் அடுப்பைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். மண்டபத்துக்குப் பின்னால், கூரைத் தாழ்வாரத்தின் கீழே, கரியை மூட்டினார். முதலில் நான் காட்டிக்கொடுத்தேன், பிறகு அவரே வாங்கிக்கொண்டார். சாம்பல் பூத்த கரிக்கு மேலே ஒரு முழ உயரத்தில் தப்பைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார், கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை புறங்கையைத் தோலில் வைத்துச் சூடு பார்த்தார். அந்தக் கைத்தோலுக்குள் நீல நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. பழைய காயங்களுக்குள் கரித்தூள் போய் அப்படியே ஆறிவிட்டதாம். தேயிலைக் கறை ஏறிய அம்மாவின் விரல்கள் ஞாபகம் வந்தன. விரலால் சுண்டினார், டங் என்றது. என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிரெஞ்சு நாடகத்தில் தொடங்குமுன் மேடைப் பலகையில் கோலால் மூன்று தட்டு தட்டுவது பழைய வழக்கம். அந்த வீட்டு அம்மா தட்டினார். மூன்றாவது தட்டு விழுந்ததும் நான் பெரட்டுத் தப்பை எடுத்தேன். அறுபது பேர் இருந்திருப்பார்கள், ஒரு சத்தமில்லை. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமன் எரிந்து விழ, ரதி ஒப்பாரி வைக்கும்போது முன்வரிசையில் ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்தார், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது அவருக்கு. முடிந்ததும் கை தட்டினார்கள், அங்கே ரொம்பப் பிடித்துவிட்டால் எல்லோரும் ஒரே தாளத்தில் தட்டுவார்கள், அந்தத் தாளத்தை நான் தப்பில் பிடித்துக்கொண்டேன், அவர்கள் வேகமாக்க நானும் வேகமாக்க, எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. தாத்தா மட்டும் தட்டவில்லை. சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது விடியற்காலையில் சுரங்கத்துச் சங்கு ஊதுமாம், இருட்டில் அவருடைய அப்பா சப்பாத்துப் போடும் சத்தம் கேட்குமாம். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் இதைச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

மறுநாள் ரயில் நிலையத்தில் எல்லா வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள், எல்லோரும் அழுதோம், அப்புறம் விமானம், கட்டுநாயக்க, பஸ், தோட்டம்.

வீட்டுக்கு வந்த அன்றே மாமா தப்பை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தோலில் வெடிப்பு இருக்கிறதா என்று ஓரம் ஓரமாகப் பார்த்தார். பிரான்சைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் தாத்தா கரியில் காய்ச்சிய கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பக்கத்துல வச்சாரா, எட்ட வச்சாரா?" என்றார்.

"எட்டத்தான் மாமா. ஒரு முழம் இருக்கும்."

"அப்ப தெரிஞ்ச மனுசன்தான்" என்று சொல்லிவிட்டு, தப்பைச் சுவர் ஆணியில் மாட்டினார்.