மூணு பேஸும் வருது, ஆனா மோட்டார் கொதிக்குது

களக்காடு பக்கம் பெரியப்பாவுக்கு வாழை இருக்கிறது. கிணற்று மோட்டார் 7.5 எச்பி, ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றி ஓட்டுவது). போன வருஷம் காயில் எரிந்து, புதுசாகக் கட்டி மாட்டினோம். ரெண்டே மாசத்தில் மறுபடியும் போன்: மோட்டார் உறுமுகிறது, மேலே கை வைக்க முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா ஓடுகிற மோட்டாரிலேயே மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு பேஸும் வருதுடே, பெறவு என்ன?" என்றார். மீட்டரும் 412, 390, 385 வோல்ட் என்றுதான் காட்டியது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு பியூஸ் போனாலும், மோட்டார் சுற்றுகிற வரைக்கும் அந்தச் செத்த லைனில் மோட்டாரே வோல்டேஜை உண்டாக்கிவிடும். கரண்டைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஒயரைக் கவ்விப் பிடித்தே கரண்டை அளக்கும் டங் டெஸ்டரை எடுத்து, மெயினிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வருகிற ஒயர்களை ஒவ்வொன்றாகக் கவ்வினேன் (மூன்றையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும், அதைப் பார்த்து எதையும் சொல்லிவிடக் கூடாது). சிவப்பில் 17 ஆம்பியர், மஞ்சளில் 17, நீலத்தில் 0. உடனே மோட்டாரை நிறுத்திவிட்டு ஒவ்வொரு லைனையும் நியூட்ரலோடு சேர்த்துப் பார்த்தேன். ரெண்டில் 238 வோல்ட், நீலத்தில் ஒன்றுமே இல்லை. பியூஸ் கட்டையை உருவினால் உள்ளே கம்பி கருகி அறுந்து கிடந்தது.

சரி, கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்த வேண்டிய ஓவர்லோடு ரிலே ஏன் விழவில்லை? எனக்கு அதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. மூடியைத் திறந்தால் ரிலேயை 11-ல் திருகி வைத்திருக்கிறார்கள். மோட்டார் தகட்டில் 11 ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து யாரோ அப்படி வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த 11 லைனில் ஓடும் கரண்ட். இந்த ஸ்டார்ட்டரில் ரிலே இருப்பது காயிலுக்குப் போகும் ஒயரில், டெல்டாவில் அங்கே ஓடுவது லைன் கரண்டை 1.732 ஆல் வகுத்தால் வருவது, அதாவது 6.4 தான். ரெண்டு பேஸில் ஓடியபோது ஒரு காயில் மட்டும் 11-க்கு மேல் இழுத்துக்கொண்டு வெந்துகொண்டிருக்க, 11-ல் வைத்த ரிலேக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. போன வருஷம் காயில் எரிந்ததும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் செலவை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

புது பியூஸ் கம்பி போட்டு, ரிலேயை 6.4-க்குக் கொண்டுவந்து, மோட்டார் சூடு ஆறினபிறகு ஓட்டினோம். மெயின் பக்கம் 9.8, 10.1, 9.9. மூன்றும் இப்படி ஒட்டி வந்தால் நிம்மதி. வோல்டேஜில் சின்ன ஏற்றத்தாழ்வு இருந்தாலே கரண்டில் அது பல மடங்காகத் தெரிந்துவிடும்.

பெரியப்பா டெஸ்டரை வாங்கி மோட்டாருக்குப் போகிற ஒயரில் போட்டுப் பார்த்தார். 5.7. "என்னடே, பாதிதான் வருது?" என்று பதறினார். ஸ்டார்ட்டர் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிக் காட்டினேன்: மெயின் பக்கம் 10, மோட்டார் பக்கம் 5.7.