பேனரில் பிள்ளையின் படம், பீரோவில் வரவு செலவு நோட்டு

கம்பம் பக்கம் சின்னச் சின்னச் சங்கங்கள், அறக்கட்டளைகள் நிறைய. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, தனியாக நிற்கிற பெண்களுக்குத் தையல் மெஷின், ஆஸ்பத்திரிச் செலவு என்று நல்ல காரியம்தான் செய்கிறார்கள். நானும் அப்படி ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். ஆனால் எதை ஊருக்குச் சொல்வது, எதைக் குழுவுக்குள் வைத்துக்கொள்வது என்பது பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது. உதவி வாங்கிய பிள்ளையின் படம், பேர், குடும்பக் கஷ்டம் எல்லாம் ஃபிளெக்ஸில் வந்துவிடும். வரவு செலவு நோட்டு மட்டும் யாரோ ஒருவர் வீட்டு பீரோவில் இருக்கும், பொதுக்குழுவில் கேட்டால் "அது உள் விஷயம்" என்பார்கள்.

கணக்கு எப்படி உள் விஷயமாகும்? 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்த சங்கம் கணக்கு வைக்க வேண்டும், பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், பதிவாளருக்கு விவரம் அனுப்ப வேண்டும். நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைக்கிற 80ஜி அனுமதி இருந்தால் நன்கொடை தந்தவர்களின் விவரத்தை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் வருமான வரித் துறைக்குக் கொடுக்கிறோம். அரசாங்கத்துக்குத் தருவதில் வரவையும் செலவையுமாவது எதிரே உட்கார்ந்திருக்கிற உறுப்பினருக்குக் காட்டலாமே. பேர் வெளியே வேண்டாம் என்று கேட்கிற நன்கொடையாளரின் பேரைப் படிக்க வேண்டாம், தொகையைப் படித்தே ஆக வேண்டும். குழு உறுப்பினரின் மச்சான் கடையில் மெஷின் வாங்கினால் அதையும் தீர்மானத்தில் எழுதணும், அந்த முடிவு எடுக்கும்போது அந்த உறுப்பினர் வெளியே இருக்கணும்.

உதவி வாங்குகிறவர் பேர் விஷயம் வேறு. இங்கே காலையில் தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறுகிற ஜீப்பிலேயே எல்லாக் கதையும் கேரளாவின் இடுக்கிப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். ஒருவருக்கு எச்ஐவி இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பேரையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்று 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் எட்டாத இடத்திலும், அப்பா குடிகாரர் என்பதால் ஃபீஸ் கட்டினோம் என்று மேடையில் சொன்னால் அந்தப் பிள்ளை மறுநாள் எந்த முகத்தோடு வகுப்பில் உட்காரும்?

"பேரை மறைத்தால் பொய்க் கணக்கு எழுதலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த நல்ல வழி, பொதுக்குழுவுக்கு விண்ணப்ப எண், எதற்காக, எவ்வளவு என்று மட்டும் காட்டுவது. பேரும் வவுச்சரும் ஆடிட்டர் பார்க்கட்டும், கூடவே நிர்வாகக் குழுவில் இல்லாத இரண்டு உறுப்பினர்களைப் பொதுக்குழுவே தேர்ந்தெடுத்து, வெளியே பேசுவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு, சந்தேகம் வருகிற விண்ணப்பத்தை அவர்கள் வீடு வரைக்கும் போய்ச் சரிபார்க்கலாம். அப்புறம் கூட்டத்தில் யார் யாரைத் திட்டினார் என்பது டீக்கடைக்குப் போக வேண்டியதில்லை. முடிவும் காரணமும் போனால் போதும். ஆனால் பணம் தப்பாகப் போகிறது என்று தெரிந்தால் "கூட்டத்தில் பேசியது ரகசியம்" என்று வாயை மூடிக்கொள்ளக் கூடாது, மறுப்பைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பொதுக்குழுவிலும் எழுந்து சொல்ல வேண்டும்.

இப்போது என்னை உறுத்துவது வாட்ஸ்அப் குரூப். வருகிற விண்ணப்பம், ரேஷன் கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் போட்டோவாகக் குழுவில் இருக்கிற எல்லோருடைய போனுக்கும் போகிறது, பதவி முடிந்து போனவர்களிடமும் அப்படியே கிடக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவருகிறேன், பழையதை எல்லோரும் அழிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.