கட்டியால் வந்த வலி அல்ல

புற்றுநோய் முற்றிய நிலையில் இருக்கும் ஒருவரிடம் “உங்களுடைய இந்த வலி கட்டியால் வந்ததல்ல” என்று சொல்வது நல்ல செய்திதானா என்பதை என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. தாராவியில் தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய ஒரு வீட்டில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் ஆயுளைக் கழித்த ஒரு பெரியவரிடம் அதைச் சொன்னேன். சொன்னது உண்மை. அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதும், எடுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதும்தான் மனத்தில் தங்கியிருக்கின்றன.

அவருக்குப் பெருங்குடலில் தொடங்கிய நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. வலது தோளில் வலி. கல்லீரல் வீங்கி உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில் தெரியும் என்பது வலிதணிப்புச் சிகிச்சையான எங்கள் துறையில் முதல் பாடம்; உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பும் தோளின் தோலுணர்வும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால் மூளை இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. ஆகவே எங்களிடம் வருவதற்கு முன்பே அவருக்கு வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெதாசோன் தொடங்கப்பட்டிருந்தது, மார்ஃபின் படிப்படியாகக் கூட்டப்பட்டிருந்தது. வலி குறையவில்லை. பகலெல்லாம் தூக்கக் கலக்கமும் மலச்சிக்கலும் கை வெட்டி வெட்டி இழுப்பதும் மட்டும் கூடின.

மார்ஃபின் கூட்டக் கூட வலி அசையாமல் நிற்கும்போது, அளவு போதவில்லை என்று நினைப்பதற்கு முன் வலி வேறு வகையோ என்று பார்க்க வேண்டும். அவரை இருமச் சொன்னேன், ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொன்னேன், தோள்வலி கூடவில்லை. கழுத்தை இடப்பக்கம் சாய்க்கச் சொன்னபோது முகம் சுளித்தார். தோள்பட்டை எலும்பையும் காறை எலும்பையும் தட்டிப் பார்த்ததில் வலி இல்லை, எக்ஸ்ரேயிலும் எலும்பில் நோய் தெரியவில்லை. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் டிரபீசியஸ் தசையை இரண்டு விரல்களுக்கிடையே பிடித்தபோது உள்ளே ஒரு நரம்புக்கயிறு போல இறுகிய பட்டை தட்டுப்பட்டது. அதன் ஒரு புள்ளியை அழுத்தியதும் வலி கழுத்தோரமாக ஏறி நெற்றிப்பொட்டு வரை சென்றது. “இதேதான் டாக்டரம்மா, இந்த வலிதான் என்னைத் தூங்க விடல” என்றார்.

தசையில் இப்படி உருவாகும் தூண்டுபுள்ளிகளை அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவெல் போன்றவர்கள் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே வரைந்து காட்டிவிட்டார்கள். ஆனாலும் ரத்தப் பரிசோதனையிலோ வழக்கமான ஸ்கேனிலோ இது தெரியாது. விரலும் நோயாளியின் வாய்ச்சொல்லும்தான் சான்று. இந்தத் தசைவலிக்கு 2015இல் முன்மொழியப்பட்ட வரையறை, தொட்டால் வலிக்கும் புள்ளி இருக்க வேண்டும், அழுத்தும்போது நோயாளி அதைத் தன் வலி என்று அடையாளம் காண வேண்டும் என்பவற்றை அடிப்படையாக வைக்கிறது. கூடவே பார்க்க வேண்டிய குறிகளில் ஒன்று, மன அழுத்தத்தில் வலி கூடுவது. அந்தக் குறியைத் தேடித்தான் அவருடைய கவலைகளைக் கேட்டேன். அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார்.

ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீதுகள், பழைய வாக்காளர் அட்டை. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியதிலிருந்து அந்த ஃபைலை அவர் கண்ணுக்கெட்டாத தூரத்தில் வைத்ததே இல்லை என்று அவர் மனைவி சொன்னார். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு. மேல்தளத்தில் இருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. கீழே அவர், ஏணி ஏறினால் இளைய மகனின் குடும்பம், ஊரில் மூத்த மகன். தனக்குப் பிறகு இந்த வீடு யார் பெயரில் நிற்கும் என்பதை எழுதி வைக்காமல் போய்விடுவோமோ என்று இரவெல்லாம் விழித்திருந்தார். மன அழுத்தம் டிரபீசியஸை இறுக வைக்கும் என்பது தசையின் மின்செயல்பாட்டை அளந்து காட்டப்பட்ட விஷயம். ஆனால் வீங்கிய கல்லீரலின் மேல் பாரம் விழாமலிருக்க வலது தோளைத் தூக்கியபடி சுவரில் சாய்ந்துதான் அவர் உட்கார்ந்திருந்தார் என்பதையும் நான் பார்த்தேன். ஏழை நோயாளிகளிடம் எல்லாவற்றையும் கவலையின் தலையில் கட்டிவிடும் வழக்கம் மருத்துவத்தில் உண்டு. அது எனக்குப் பிடிக்காது. ஆகையால் கவலை ஒரு காரணம் என்று மட்டுமே மனத்தில் குறித்துக்கொண்டேன்.

தட்டணுக்களையும் ரத்தம் உறையும் தன்மையையும் பார்த்த பிறகு அடுத்த முறை சென்று, நுரையீரல் உறையில் குத்திவிடாதபடி தசையைத் தூக்கிப் பிடித்து, மரத்துப்போகச் செய்யும் ஒரு விழுக்காடு லிக்னோகெயினைச் சிறிதளவு செலுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கழுத்தைத் திருப்பினார். அப்போது சொன்னேன்: “அண்ணாச்சி, இது கட்டியால வர்ற வலி இல்ல. தசை இறுகினதால வர்றது. கவலையும் அதுக்கு ஒரு காரணம்.”

“அப்பொ நோய் அடங்கிட்டுன்னு சொல்லுதீயளா?”

“நோய் அப்படியேதான் இருக்கு அண்ணாச்சி. இந்த வலி மட்டும் வேற.”

தலையை ஆட்டினார். பிறகு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, “கேட்டியா, கட்டி வலி இல்லையாம்” என்றார்.

மார்ஃபினைக் குறைத்தோம். கை இழுப்பு நின்றது, பேச்சில் தெளிவு வந்தது, இரவில் தூங்கினார். அதற்கடுத்த முறை நான் போனபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். “கட்டி சுருங்கிட்டு. டாக்டரம்மாவே சொல்லிட்டாவ” என்று அவரிடம் சொல்லிவிட்டு இவர் என்னைப் பார்த்தார். நான் தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

அந்த இடத்தில்தான் என் எண்ணம் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. உண்மையை நான் மறைக்கவில்லை. நேராகக் கேட்டபோது நேராகப் பதில் சொன்னேன். மனைவியிடமும் மகனிடமும் நோயின் நிலையைத் தனியே விளக்கியிருந்தேன். கேட்காத ஒருவரின் மேல் செய்தியைத் திணிக்கக் கூடாது என்பது எங்கள் பயிற்சியில் ஊறிய ஒழுங்கு, அன்று அவர் எதையும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பார்வையும் ஒரு கேள்விதான் என்று சில நாள்களில் எனக்குப் படுகிறது. அப்படிப் படும் நாள்களிலும், அயலாரின் முன்னிலையில் அதற்குப் பதில் சொல்வது எப்படி நியாயமாகும் என்றும், அந்த அயலார் எழுந்து போன பிறகு சொல்லியிருக்கலாமே என்றும் மாறி மாறித் தோன்றுகிறது. உடன் வந்த சிஸ்டர், “தூங்குற மனுசனை எழுப்பி எதுக்கு மேடம் சொல்லணும்?” என்றார்.

எனக்கு இருந்த தயக்கத்தின் வேர் வேறு. வலி குறைந்தது ஊசியாலா, நோய் அடங்கிவிட்டது என்று அவர் நம்பியதாலா? லிக்னோகெயினின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இவருடைய நிவாரணமோ நீடித்தது. அதை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது, தூண்டுபுள்ளியில் மருந்தில்லாத வெறும் ஊசி குத்தினாலும் பலருக்கு வலி நீடித்துக் குறைவதுண்டு. ஆனால் கவலை அந்தத் தசையை இறுக்கியது என்ற என் கணிப்பு சரியென்றால், தவறாகப் புரிந்துகொண்ட அந்த நல்ல செய்தியும் அதைத் தளர்த்தியிருக்க வேண்டும். அப்படியானால் அவரைத் திருத்துவது என்பது வலியைத் திருப்பிக் கொடுப்பது. உடல், மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்த ஒன்றாக வலியைப் பார்க்கும்படி எங்கள் துறையின் முன்னோடியான சிசிலி சாண்டர்ஸ் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அதில் ஓர் இழையை இழுத்தால் மற்றவை எப்படி அசையும் என்பது ஒவ்வொரு வீட்டிலும் வேறாக இருக்கிறது.

நோய் அடங்கிவிட்டதாக நம்பியவருக்கு எழுதி வைக்கும் அவசரமும் அடங்கிவிட்டது. பக்கத்திலுள்ள சயானிலிருந்து வக்கீலை அழைத்து வருவதாகச் சொல்லியிருந்த மகனிடம், “ஆடி கழியட்டும், ஆவணியில பாத்துக்கலாம்” என்றார். மகன் அதை என்னிடம் சொன்னபோது, காலம் குறைவு, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள் என்றேன். அவன் சொன்னானா என்று தெரியாது. ஆடி முடியுமுன் மஞ்சள் காமாலை கண்டு, வலியில்லாமல் இறந்தார். ஃபைல் அப்படியே இருந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசியில நல்லாத் தூங்கினாவ, அது போதும்” என்றார். மகன் எதுவும் சொல்லவில்லை. வாரிசுச் சான்றிதழுக்காக அலைகிறான் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

இப்போது நான் வரிசையை மாற்றிவிட்டேன். நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நோயாளி கேட்க விரும்புகிறாரா என்று முதலில் விசாரித்து, விரும்பினால் அதைச் சொல்லி முடித்த பிறகே இந்தத் தோள்வலி தசையால் வருவது என்று தொடங்குகிறேன். சொல்லி முடித்துத் தோளில் விரல் வைக்கும்போது, சிலருடைய தசை என் விரலுக்குக் கீழேயே இன்னும் இறுகுவது தெரிகிறது. அவர்களுக்கும் அதே ஊசியைத்தான் போடுகிறேன். வலி குறையத்தான் செய்கிறது. அண்ணாச்சிக்குக் குறைந்த அளவுக்கு யாருக்காவது குறைந்ததா என்று கேட்டால், என் குறிப்பேட்டைப் புரட்டியும் ஆம் என்று சொல்ல முடியவில்லை.