பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல்

இராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில், அறுவை அரங்குக்குள் அனுப்புமுன் நோயாளிகளைத் தயார் செய்யும் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் அதிகமுறை சொன்ன வாக்கியம், "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படக் கூடாது" என்பதாகத்தான் இருக்கும். எனக்கு மூத்த செவிலியர்கள் சொன்னதையே நானும் சொன்னேன். அதில் பாதி உயிர்காக்கும் அறிவுரை என்பதும், மறுபாதி தேவையில்லாத கடுமை என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களுக்கு வேலை மிகுந்துவிடும். பித்தப்பைக் கல்லையும் குடலிறக்கத்தையும் ஆண்டு முழுவதும் பொறுத்துக்கொண்டு விசைப்படகில் போய்வருபவர்கள், படகு கரையில் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் அறுவைக்கு நாள் கேட்டு வருவார்கள். அது கோடையின் உச்சமும்கூட. அப்படி ஒரு மே மாதத்தில், பாம்பனிலிருந்து வந்த மீனவர் ஒருவர் பித்தப்பை அறுவைக்காகக் காத்திருந்தார். முதல் நாள் இரவு 8 மணிக்குச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்ததுதான் கடைசி. முதலில் நடந்த அறுவை நீண்டது. நடுவில் அவசரமாக ஒரு பிரசவ அறுவை வந்தது. அவரை உள்ளே அழைக்கும்போது பிற்பகல் 2 மணி. 18 மணி நேரம் நீரின்றி இருந்தவரின் உதடு வெடித்திருந்தது, தலைவலியால் கண்ணைத் திறக்க முடியவில்லை, ஊசி போடக் கையில் இரத்தக்குழாய் அகப்படவில்லை. "நடுக்கடல்லகூட நான் குடிதண்ணி இல்லாம இருந்ததில்லம்மா" என்றார். மயக்க மருந்து ஏறியதும் அவருடைய இரத்த அழுத்தம் சரிந்தது. திரவத்தை வேகமாக ஏற்றித்தான் அதை மீட்டார்கள்.

அன்று மாலை எங்கள் மயக்கவியல் மருத்துவர் என்னை உட்காரவைத்து விளக்கினார். முழு மயக்கத்தில் உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை தளர்ந்துவிடும். இருமலும் விழுங்கலும் நின்றுவிடும். அப்போது வயிற்றில் இருப்பது மேலேறி வந்தால், தடுக்க ஆளின்றி நுரையீரலுக்குள் இறங்கும். 1946இல் கர்டிஸ் மெண்டல்சன் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர், பிரசவத்தின்போது மயக்கம் கொடுக்கப்பட்ட தாய்மார்களிடம் இதைக் கண்டு எழுதினார். உணவுத் துண்டு மூச்சுக்குழாயை அடைப்பது ஒரு வகைக் கேடு, இரைப்பை அமிலம் நுரையீரலைப் புண்ணாக்குவது இன்னொரு வகைக் கேடு என்று அவர் பிரித்துக் காட்டினார். அந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. ஆனால், சோற்றுக்கும் தண்ணீருக்கும் ஒரே நேரக் கணக்கு வைத்ததுதான் தவறு. சோறும் கறியும் இரைப்பையில் அரைபட்டுப் பொடியான பிறகே குடலுக்குள் நகரும், எண்ணெயும் கொழுப்பும் அதை இன்னும் தாமதப்படுத்தும். தண்ணீருக்கோ அரைபட வேண்டிய தேவையே இல்லை, குடித்ததில் பாதி சுமார் 10 முதல் 20 நிமிடங்களுக்குள் இறங்கிவிடும். 1986இல் கனடாவில் ரோஜர் மால்ட்பியும் அவருடைய குழுவினரும் அறுவைக்கு இரண்டரை மணி நேரம் முன்பு சிலருக்கு 150 மில்லி தண்ணீர் கொடுத்துப் பார்த்தபோது, குடிக்காதவர்களைவிட அவர்கள் வயிற்றில் அதிகமாக எதுவும் தேங்கியிருக்கவில்லை. 1999 முதலே அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் நெறிமுறை தெளிந்த நீர்மங்களை 2 மணி நேரம் முன்பு வரை அனுமதிக்கிறது. தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், பசும்பாலுக்கும் எளிய உணவுக்கும் 6 மணி நேரம், வறுத்தவற்றுக்கும் இறைச்சிக்கும் 8 மணி நேரமோ அதற்கு மேலோ இடைவெளி வேண்டும். நான் அந்த வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கியபோதே இந்த நெறிமுறை இருந்தது என்பது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

தண்ணீரை அனுமதித்த பிறகுதான் சொற்களின் சிக்கல் எனக்கு விளங்கியது. மூக்கில் அறுவைக்கு வந்த ஓர் இளைஞரிடம், "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர்" என்றார். நானும் அப்படியே குறித்துக்கொண்டேன். மயக்கம் கொடுத்த சில நொடிகளில் அவர் வாயில் பழுப்பு நிறத் திரவம் பொங்கியது. மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்தி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, உறிஞ்சுகுழாயால் எல்லாவற்றையும் எடுத்தார்கள். நுரையீரலுக்குள் எதுவும் போகவில்லை என்று உறுதியாகும்வரை அந்த இரவு முழுவதும் நான் அவரருகிலேயே இருந்தேன். பேருந்து நிலையத்தில் டீயும் ரஸ்க்கும் சாப்பிட்டதாக மறுநாள் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நம் பேச்சில் சாப்பாடு என்றால் சோறு. டீயும் ரஸ்க்கும் அந்தக் கணக்கில் வருவதில்லை. தவறு என் கேள்வியில் இருந்தது. "இன்னைக்குக் கடைசியா வாய்க்குள்ள போனது என்ன, எத்தனை மணிக்கு?" என்றுதான் இப்போது கேட்கிறேன். "வெறும் டீ" என்று யாராவது சொன்னால், கடித்துக்கொள்ள எதுவும் இல்லாத பால் டீயைத்தான் அவர் சொல்கிறார் என்பதும் இப்போது தெரியும். பால் சேராத கடுங்காப்பிக்கு அனுமதி உண்டு, பால் டீக்கு இல்லை. வடித்த கஞ்சியும் நீர்போல் ஓடினாலும் தெளிந்த நீர்மம் ஆகாது. டம்ளருக்குப் பின்னால் பிடித்த எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று காட்டித்தான் வீட்டாருக்கு விளக்குகிறேன்.

இந்த 2 மணி நேரக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. குடல் அடைப்பு உள்ளவர்கள், பிரசவ வலியில் இருப்பவர்கள், அடிபட்டு அவசரமாக வருபவர்கள், நெடுநாள் சர்க்கரை நோயால் இரைப்பை மந்தமானவர்கள், சர்க்கரைக்கும் எடைக்குமாகப் புதிதாக வந்துள்ள செமாகுளுடைட் போன்ற ஊசிகளைப் போட்டுக்கொள்பவர்கள் ஆகியோருக்கு மயக்கவியல் மருத்துவரே தனியாக முடிவு செய்கிறார்.

இப்போது ஒவ்வொரு படுக்கையின் அட்டையிலும், உணவு நிறுத்தும் நேரம், தண்ணீர் நிறுத்தும் நேரம் என்று இரண்டையும் தனித்தனியே எழுதுகிறோம்; அரங்கில் நேரம் தள்ளிப்போனால், தண்ணீருக்கான நேரத்தையும் தள்ளி எழுதுகிறோம். சென்ற ஆண்டு கீழக்கரையிலிருந்து வந்த ஒரு மூதாட்டி, வேறோர் இடத்தில் முன்பு நடந்த அறுவையை நினைத்து, "நோன்புக்குக்கூட விடியறதுக்கு முன்னால சஹர் சாப்பாடு உண்டு மகளே, அன்னைக்கு எனக்கு அதுவும் இல்லை" என்றார். அவருடைய அட்டையில் தண்ணீர் 9 மணி வரை என்று எழுதியிருந்தோம். 9.15க்கு அரங்கிலிருந்து தொலைபேசி வந்தது. அவருடைய முறை 12 மணிக்குத் தள்ளிப்போயிருந்தது. மருத்துவரிடம் கேட்டு, அட்டையில் 9ஐ அடித்து 10 என்று எழுதிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீருடன் அவரிடம் போனேன். அவர் வாங்காமல் சுவர்க் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"நல்லா விசாரிச்சிட்டியா மகளே?"

"விசாரிச்சிட்டேம்மா, குடிங்க."

எழுந்து உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, மூன்று மிடறாகக் குடித்து முடித்தார்.