மூன்று லினக்ஸ் கெஸ்ட்டுக்கு டிஸ்க் பிரித்த கதை

"புது லினக்ஸ் கெஸ்ட் மூன்று. ஆளுக்கு 7 ஜிபி." டிக்கெட்டில் இருந்தது அவ்வளவுதான். கெஸ்ட் என்றால் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டருக்குள் தனி மெஷின் போல ஓடும் ஒரு சிஸ்டம். மெயின்ஃப்ரேம் இருப்பது அமெரிக்காவில், நான் இருப்பது கொருக்குப்பேட்டையில் மாடி அறையில். அவர்களுக்குச் சனிக்கிழமை நள்ளிரவு என்றால் இங்கே ஞாயிறு காலை. தெருவே காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கிளம்பும் நேரத்தில்தான் எனக்கு சேஞ்ச் விண்டோ, அதாவது சிஸ்டத்தில் மாற்றம் செய்ய அனுமதித்த நேரம், திறக்கும்.

கெஸ்ட்டுகளை ஓட்டும் மெயின்ஃப்ரேம் சிஸ்டம் இசட்/விஎம். அதில் மினிடிஸ்க், அதாவது பெரிய டிஸ்க்கில் ஒரு கெஸ்ட்டுக்கான துண்டு, வெட்டும்போது ஜிபி கணக்கு செல்லாது, சிலிண்டர் கணக்குதான். 3390 என்ற மெயின்ஃப்ரேம் டிஸ்க் வகையில் ஒரு சிலிண்டருக்கு 15 டிராக் (தடம்). லினக்ஸுக்காக 4096 பைட் பிளாக்காக ஃபார்மட் செய்தால் டிராக்குக்கு 12 பிளாக், ஆக சிலிண்டருக்கு 180 பிளாக், அதாவது 720 கேபி. காகிதத்தில் சிலிண்டருக்கு 850 கேபி என்று போட்டிருப்பதை நம்பிப் பெருக்கினால் கடைசியில் இடம் உதைக்கும். பிரதி எடுக்க வைத்திருக்கும் எங்கள் மாஸ்டர் லினக்ஸ் 10016 சிலிண்டரில் இருக்கிறது. கணக்குப் போட்டால் 6.9 ஜிபி கூட முழுசாக வராது. குளோன் எடுக்க அதே அளவு இருந்தால் தொல்லையில்லை என்று எழுதிக் கேட்டேன், சரி என்றார்கள்.

ஸ்டோரேஜ் டீம் கொடுத்தது 32760 சிலிண்டர் உள்ள ஒரு வால்யூம். முதலில் ஃபார்மட் கருவியான சிபிஎஃப்எம்டிஎக்ஸ்ஏ ஓட்டி, பூஜ்ஜியம் சிலிண்டரை ஃபார்மட் செய்து, லேபிள் எழுதி, முழு வால்யூமையும் பெர்ம், அதாவது மினிடிஸ்க் போன்றவற்றுக்கான நிரந்தர இடம், என்று குறித்தேன். மினிடிஸ்க் வைக்கப் போகும் வால்யூமுக்கு அந்த ஒரு சிலிண்டர் போதும். மிச்சத்தை கெஸ்ட்டே ஃபார்மட் செய்துகொள்ளும். லேபிளும், எந்த இடம் எதற்கு என்று சொல்லும் அலொகேஷன் மேப்பும் அந்தப் பூஜ்ஜியத்தில்தான் இருக்கின்றன. அதில் யாருக்கும் மினிடிஸ்க் கொடுத்துவிடக் கூடாது.

பிறகு யூசர் டைரக்டரியில், அதாவது எந்த கெஸ்ட்டுக்கு என்னென்ன என்று எழுதிய ஃபைலில், மினிடிஸ்க்கைச் சொல்லும் எம்டிஸ்க் வரி. விர்ச்சுவல் அட்ரஸ் 201, டிவைஸ் வகை 3390, தொடங்கும் சிலிண்டர், எத்தனை சிலிண்டர், வால்யூம் லேபிள், கடைசியில் எம்ஆர். முதல் கெஸ்ட் 1-இல் தொடங்குகிறது, அடுத்தது 10017, மூன்றாவது 20033. எம்ஆர் என்றால் வேறு யாரும் எழுதும் லிங்க் வைத்திருக்காதபோது மட்டும் எழுத விடும். எம்டபிள்யூ என்று போட்டால் யார் வைத்திருந்தாலும் எழுத விடும். அது தெரிந்தவர்களுக்கு மட்டும்.

இதில் வம்பு என்னவென்றால், தொடங்கும் எண்ணைத் தப்பாகப் போட்டாலும் டைரக்டரியை ஏற்றும் கட்டளையான டைரக்ட்எக்ஸ்ஏ வாயைத் திறக்காது. வாக்கியம் சரியாக இருந்தால் ஏற்றிவிடும். ஒரே மனைக்கு இரண்டு பேர் பெயரில் பட்டா எழுதியது மாதிரி, இரண்டு கெஸ்ட்டும் ஒரே சிலிண்டரில் எழுத ஆரம்பிக்கும். அன்றைக்கே எதுவும் தெரியாது, ஃபைல் சிஸ்டம் பாழாகும்போதுதான் தெரியும். எங்கள் டீமில் திருவொற்றியூர்க்காரர் ஒருவர், விஎம்மிலேயே தலை நரைத்தவர். ஃபோனில் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, மொதல்ல டிஸ்க்மேப் போட்டுப் பாருப்பா. அப்புறம் மத்ததப் பேசலாம்." அந்தக் கட்டளை டைரக்டரியைப் படித்து, வால்யூம் வாரியாக யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு ஃபைல் எழுதும். அதில் ஓவர்லேப் (ஒன்றின் மேல் ஒன்று), கேப் (இடைவெளி) என்ற சொற்களைத் தேடினால் போதும். பூஜ்ஜியத்தைக் காக்க, லாக்ஆன் செய்யாத ஒரு டம்மி யூசர் பெயரில் அந்தச் சிலிண்டரை எழுதி வைப்பது எங்கள் வழக்கம். டைரக்டரியைப் பராமரிக்கும் டிர்மெயின்ட் இருக்கும் இடங்களில் காலியிடத்தை அதுவே தேடித் தரும். இங்கே அது இல்லை.

விஎம்மின் எடிட்டரான எக்ஸ்எடிட்டில் இருக்கும்போதே கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, ரவுட்டர் படுத்தது. பதறவில்லை. விஎம் அங்கே ஓடும் என் மெஷினை உடனே தூக்கிப் போடாது. டிஸ்கனெக்ட் ஆன நிலையில் 15 நிமிஷம் வைத்திருக்கும், சைட்டில் யாரும் மாற்றாதிருந்தால். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நுழைந்து, பிகின் என்று அடித்ததும் விட்ட இடத்திலேயே திரை நின்றது. பேட்டரி இல்லாத டெஸ்க்டாப்பில் இப்படி வேலை பார்க்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

டிஸ்க்மேப்பில் ஓவர்லேப் இல்லை. டைரக்ட்எக்ஸ்ஏ ஓட்டி, வால்யூமை சிஸ்டத்துக்கு அட்டாச் செய்து, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் டிடிஆர் மூலம் மாஸ்டரை மூன்று இடத்திலும் பிரதி எடுத்தேன். மாஸ்டர் ஏற்கெனவே ஃபார்மட் ஆனது என்பதால் லினக்ஸ் பக்கம் டிஸ்க் ஃபார்மட் வேலையே வரவில்லை. ஹோஸ்ட் பெயரும் ஐபியும் மாற்றியதும் மூன்றும் எழுந்து நின்றன.

அட்டாச் செய்தது அடுத்த ஐபிஎல், அதாவது சிஸ்டத்தை மறுபடி பூட் செய்வது, வரைக்கும்தான். பூட் ஆகும்போது படிக்கும் சிஸ்டம் கன்ஃபிக் ஃபைலில் யூசர் வால்யூம் லிஸ்டில் அந்த லேபிளைச் சேர்க்காவிட்டால், மாதங்கள் கழித்து வரும் ஐபிஎல்லில் கெஸ்ட் மூன்றும் டிஸ்க் இல்லாமல் நிற்கும். அதையும் அப்போதே எழுதிவிட்டேன்.

வால்யூமின் கடைசியில் 2711 சிலிண்டர், சுமார் 2 ஜிபி, மிஞ்சியது. அதை ஸ்வாப்புக்கு (மெமரி போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) வெட்டித் தரச் சொன்னார்கள். ஸ்வாப்புக்கு எதற்கு நிஜ டிஸ்க் என்று, ஆளுக்கொரு வி-டிஸ்க் கொடுத்தேன். அது மெமரியிலேயே இருப்பது, கெஸ்ட் லாக்ஆஃப் ஆனால் போய்விடும், ஸ்வாப்புக்கு அதனால் நஷ்டமில்லை. 2711 அப்படியே காலியாகக் கிடக்கிறது. டெஸ்ட் டீம் அதைக் கேட்டு மறுபடி ஒரு டிக்கெட் போட்டிருக்கிறது.