சிவப்பு அட்டையில் ஓர் 'ஆ'

08.07.2024, திங்கள்

நாலாம் வகுப்புக்கு இன்று வாக்கிய வகைகள் தொடங்கினேன். செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்று நான்கையும் விளக்கத்தோடு கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பிள்ளைகள் ராகம் போட்டு இரண்டு தடவை ஒப்பித்தார்கள். சரி, புரிந்துவிட்டது என்று நினைத்து, 'அப்பா நேற்று சந்தைக்குப் போனார்' என்பதை வினா வாக்கியமாக மாற்றச் சொன்னேன். 23 பேரில் 16 பேர் அதே வாக்கியத்தை எழுதி, கடைசியில் புள்ளிக்குப் பதிலாகக் கேள்விக்குறி வைத்திருந்தார்கள். ஒரு பெண் அந்தக் குறியைக் காது மடல் போல அவ்வளவு அழகாக வளைத்திருந்தாள். அதன்மேல் சிவப்பு மையால் கோடு போட மனம் வரவில்லை.

தப்பு என்னுடையது. பேசத் தொடங்கிய நாளிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளைகள் இவர்கள். அவர்கள் வாயில் இருப்பதை விட்டுவிட்டுப் பலகையிலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

09.07.2024, செவ்வாய்

இன்று சாக்பீஸையே தொடவில்லை. அப்பா, நேற்று, சந்தைக்கு, போனார் என்று நான்கு அட்டைகள். நான்கு பேர் வரிசையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பையன் கையில் மட்டும் 'ஆ' எழுதிய சிவப்பு அட்டை. அவன் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறானோ, அந்தச் சொல்லோடு சேர்த்து எல்லோரும் படிக்க வேண்டும்.

முதலில் கடைசிச் சொல்லுக்குப் போனான்: "அப்பா நேற்று சந்தைக்குப் போனாரா?" அப்புறம் முதல் சொல்லுக்கு ஓடினான்: "அப்பாவா நேற்று சந்தைக்குப் போனார்?" அங்கே நிறுத்தி, "இப்போது என்ன சந்தேகம்?" என்றேன். "போனது அப்பா இல்ல, அம்மாவா இருக்கும்னு நினைக்கிறோம் டீச்சர்" என்று பதில் வந்தது. அடுத்து 'நேற்று' பக்கம் போனான். "நேற்றா அப்பா சந்தைக்குப் போனார்?" என்று படித்து முடிக்கும் முன்பே, "இன்னைக்குல்ல சந்தை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எங்கள் ஊர்ச் சந்தை செவ்வாய்க்கிழமைதான்.

எழுத்து நகர நகர, சந்தேகமும் கூடவே நகர்கிறது. இப்படிக் கேள்வி காட்டும் வினா எழுத்துகளை நன்னூல் ஒரே சூத்திரத்தில் சொல்லிவிடுகிறது: எ, யா சொல்லின் முதலில் வரும், ஆ, ஓ இறுதியில் வரும், ஏ இரண்டு இடத்திலும் வரும். நம் கேள்வி எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. கேள்விக்குறி நமக்கு அச்சுப் புத்தகங்களோடு வந்தது. மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காமல் ஓலைச்சுவடி எழுதியவர்களுக்குக் கேள்வி புரியாமலா போயிற்று?

இதற்குப் பிறகு நோட்டில் எழுதச் சொன்னேன். இரண்டே பேர்தான் தடுமாறினார்கள்.

10.07.2024, புதன்

வட்டார வள மையத்தில் கூட்டம். வகுப்பு இல்லை.

11.07.2024, வியாழன்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல் வழியாக ஓர் ஓணான் உள்ளே வந்து விழுந்தது. வகுப்பே பெஞ்சுமேல் ஏறிவிட்டது. அது வெளியே போனதும், அவர்கள் கத்தியதை அப்படியே பலகையில் எழுதினேன். "ஐயோ, ஓணான்!" "எங்க இருக்கு?" "அடிக்காத, விட்டுரு." "வேப்பமரத்துல ஏறிருச்சு." ஒரு நிமிடத்துக்குள் நான்கு வகையும் வந்திருந்தன. பக்கத்திலேயே 'அடிக்காதே, விட்டுவிடு' என்று எழுத்துத் தமிழிலும் மாற்றினோம்.

ஐந்தாவதாக ஒன்று இருந்தது: "எவ்வளவு நீளமான வால்!" இது வினா என்று பாதி வகுப்பு சாதித்தது. முதலில் 'எ' இருக்கிறதே! நான் சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான் வாதாடினார்கள். அதனால் இரண்டு விதமாகச் சொல்லவைத்தேன். ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கக் கேட்பதுபோல் ஒரு தடவை, கண்ணை விரித்து வியப்பதுபோல் ஒரு தடவை. எழுத்து ஒன்றுதான், குரல் வேறு. அந்தக் குரலைத் தாளில் காட்டக் குறியைத் தவிர வேறு வழியில்லை. செவ்வாயன்று குறியைக் குறைத்துப் பேசிவிட்டேன். இன்று அந்தக் காது மடல் பெண்ணையே அழைத்து, பலகையில் பெரிதாகக் கேள்விக்குறி போடச் சொன்னேன்.

12.07.2024, வெள்ளி

கட்டளை வாக்கியம். 'வா', 'உட்கார்', 'எழுது' என்று சுலபமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருத்தி எழுந்தாள். "'வாயை மூடுறீங்களா இல்லையா'ன்னு சொல்றீங்களே டீச்சர், அது கேள்வியா, கட்டளையா?"

நல்ல கேள்வி. கேள்வி உருவத்தில் வரும் ஏவல் அது. இதையும் நன்னூல் எழுதிய பவணந்தியார் பிரித்து வைத்திருக்கிறார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. நாலாம் வகுப்புக்கு இந்தப் பெயர்கள் வேண்டாம். ஆனால் காட்டலாம். கடைக்காரரிடம் 'பருப்பு இருக்கிறதா?' என்றால் வாங்கக் கேட்பது. கையில் ஒரு பென்சிலை நீட்டிக்கொண்டு 'உன்னிடம் பென்சில் இருக்கிறதா?' என்றால் கொடுக்கக் கேட்பது. பிள்ளைகள் மாறி மாறி நடித்தார்கள், மணி அடித்தும் நிறுத்தவில்லை.

இரவு யோசித்துப் பார்த்தேன். நாள் முழுக்க நான் வகுப்பில் கேட்பவை அநேகமாக எல்லாமே அறிவினா, விடை தெரிந்துகொண்டே கேட்பவை.

15.07.2024, திங்கள்

கல்வி வளர்ச்சி நாள். காமராசர் 1903இல் விருதுநகரில் பிறந்தார் என்று ஒருவன் மேடையில் சொல்லி முடித்ததும், கீழே உட்கார்ந்திருந்த நால்வர், "காமராசரா?", "1903இலா?", "விருதுநகரிலா?", "பிறந்தாரா?" என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் கடைசி வரிசைப் பையனிடம் போய் உட்கார்ந்தேன். வகுப்பில் வாயே திறக்காதவன். எனக்கு நிஜமாகவே விடை தெரியாத ஒன்றைக் கேட்டேன்: "உங்க ஆட்டுக்கு எந்தக் குழை ரொம்பப் பிடிக்கும்?"

நிமிர்ந்து பார்த்தான். "வெள்வேலங்காய்னா உயிரு. கொடுக்காப்புளிக் குழையும் திங்கும். கருப்பிக்கு மட்டும் நான் கையில ஊட்டணும்." கொஞ்சம் நிறுத்தினான். "டீச்சர், உங்க வீட்டுல ஆடு இருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்ப ஒரு குட்டி வாங்குங்க."