ஒரே ஒரு லத்தீன் வேரை வைத்து ஆங்கிலச் சொற்கள் படித்த அனுபவம்

வெளிநாட்டு மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்ஈ போன்ற தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள் முதலில் தேடிப் போவது லத்தீன் வேர்ச்சொல் பட்டியலைத்தான். நானும் ஒன்று வைத்திருந்தேன். நூற்றுக்கணக்கில் வேர்கள், பக்கத்தில் ஒற்றைச் சொல்லில் பொருள், கீழே நாலு உதாரணம். அதை முழுசாக உருப்போடுவதைவிட ஒரு வேரை எடுத்து, அது எங்கெங்கே உருமாறுகிறது, எங்கே நம்மைக் கவிழ்க்கும் என்று கொஞ்சம் நின்று பார்ப்பது எவ்வளவோ மேல். நான் அப்படி எடுத்துக்கொண்டது கபெரே. பிடி, எடு என்பது பொருள்.

கேப்ச்சர், கேப்டிவ், கபாசிட்டி எல்லாம் சுலபம். பிடிப்பது, பிடிபட்டவன், ஒரு பாத்திரம் எவ்வளவு பிடிக்கும் என்கிற அளவு. சிக்கல் முன்னொட்டு வந்து ஒட்டும்போதுதான் ஆரம்பிக்கிறது. லத்தீனில் முன்னொட்டோ வேறொரு சொல்லோ முன்னால் சேர்ந்தால் வேரில் இருக்கும் ஏ என்ற எழுத்து பெரும்பாலும் மெலிந்து ஈ ஆகவோ ஐ ஆகவோ மாறிவிடும், அதனால் சி-ஏ-பி என்று இருந்தது அக்செப்ட், இன்டர்செப்ட், கான்செப்ட் போன்றவற்றில் சி-ஈ-பி என்றும், ஆன்டிசிபேட், பார்டிசிபேட், ரெசிபியன்ட் போன்றவற்றில் சி-ஐ-பி என்றும் நிற்கிறது. பட்டியலில் இந்த மூன்றையும் மூன்று தனி வேர் மாதிரி போட்டிருப்பார்கள், அப்படிப் படித்தால் சுமை மூன்று மடங்கு.

நாலாவது உருவம் ஒன்று உண்டு. லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த சொற்களில் பி தேய்ந்து வி ஆகிவிட்டது: ரிசீவ், டிசீவ், பர்சீவ், கன்சீவ். நாலிலும் சி-க்குப் பிறகு ஈ-ஐ என்ற வரிசைதான், ஆகவே ஸ்பெல்லிங் தனியாகப் படிக்க வேண்டாம். பெயர்ச்சொல் ஆக்கினால் பி திரும்ப வந்துவிடுகிறது: ரிசப்ஷன், டிசப்ஷன், பர்செப்ஷன், கன்செப்ஷன். ரசீது என்று பொருள்படும் ரிசீட்டில் உச்சரிக்காத ஒரு பி இருக்கிறதே, அது பிரெஞ்சிலிருந்து வந்தபோது இல்லை, லத்தீன் மூலத்தை ஒத்திருக்கட்டும் என்று பிற்பாடு எழுத்தில் நுழைத்தது. அதே மாதிரி இருக்கும் டிசீட், கன்சீட் இரண்டிலும் அது நிலைக்கவில்லை. படித்தவர்கள் செய்த வேலை, அவஸ்தை நமக்கு.

இனி எச்சரிக்கை. வேர் தெரிந்துவிட்டால் தெரியாத சொல்லின் பொருளை ஊகித்துவிடலாம் என்று சொல்வார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். கேப்டன், கேபிடல் இரண்டிலும் சி-ஏ-பி இருக்கிறது, ஆனால் அவை தலை என்று பொருள்படும் கபுட் என்ற சொல்லிலிருந்து வந்தவை. இன்னும் மோசம் பிரெசிபிடேட். நடுவில் சி-ஐ-பி அழகாக உட்கார்ந்திருக்கும், அதுவும் கபுட் குடும்பம்தான், தலைகுப்புற விழுவது என்ற கருத்து. உரிச்சொல்லாக வரும்போது யோசிக்காமல் அவசரப்பட்ட என்று அர்த்தம். பரஸ்பரம் என்று பொருள்படும் ரெசிப்ரகலிலும் சி-ஐ-பி தெரியும், ஆனால் அது இந்த இரண்டு குடும்பத்திலும் சேராது. ஜிஆர்ஈயில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் கேள்வியில் ஆறு சொற்களில் சரியான இரண்டையும் எடுத்தால்தான் மதிப்பெண், ஒன்று மட்டும் சரியாக இருந்தால் எதுவும் கிடையாது, அங்கே போய் வேரை நம்பி ஊகித்தால் வம்பு.

நான் செய்தது இதற்கு நேர் தலைகீழ். சொல்லை முதலில் ஏதாவது வாக்கியத்தில் பார்ப்பேன், அகராதியில் பொருள் பார்ப்பேன், அதற்கப்புறம்தான் வேர். உதாரணத்துக்கு எமான்சிபேட். அடிமைத்தளையிலிருந்து விடுவிப்பது என்று அகராதி சொல்லிவிட்டது. பிரித்துப் பார்த்தால் எக்ஸ் என்றால் வெளியே, மானுஸ் என்றால் கை, அப்புறம் நம்ம கபெரே. ரோமானியச் சட்டத்தில் ஒரு பொருளைக் கையால் பிடித்து உரிமையாக்கிக்கொள்கிற வழக்கம் இருந்தது, அந்தப் பிடியிலிருந்து வெளியே விடுவதுதான் எமான்சிபேட். இவ்வளவு தெரிந்த பிறகு அந்தச் சொல் மறக்கவே இல்லை. பொருள் ஏற்கெனவே கையில் இருந்ததால்தான் வேர் அதை ஆணி அடித்த மாதிரி நிறுத்தியது, வேரை மட்டும் வைத்துக்கொண்டு விடுதலை என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது.

வால் பக்கத்தையும் பாருங்கள். பர்செப்டிவ் என்றால் நுட்பமாகக் கவனிக்கிற ஆள், பர்செப்டிபிள் என்றால் கவனித்தால் தெரியக்கூடிய விஷயம். வேர் ஒன்று, முன்னொட்டு ஒன்று, விகுதிதான் யார் பார்க்கிறார், எது தெரிகிறது என்பதைப் பிரிக்கிறது. தேர்வில் இரண்டையும் பக்கத்து பக்கத்து விடையாகக் கொடுத்தால் அவசரத்தில் கண் ஏமாறும். இன்னொன்று, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்த இடைச்சொல் வரும் என்பதை வேர் சொல்லித் தராது. கேப்பபிள் வந்தால் ஆஃப், சஸ்செப்டிபிள் வந்தால் பெரும்பாலும் டு, பார்டிசிபேட் வந்தால் இன். அதனால் நோட்டில் சொல்லை மட்டும் எழுதாமல் அந்த வாக்கியத்தையே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஆனால் அகராதியைப் பார்த்து ஒரே நாளில் பக்கத்தை நிரப்ப வேண்டாம், படிக்கும்போது எதிர்ப்படுகிற சொல்லை மட்டும் அதில் சேருங்கள். பக்கம் பாதி காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும்.

கபெரே ஓரளவு பிடிபட்டதும் அடுத்து ஃபகெரே எடுக்கலாம், செய் என்று பொருள். ஃபேக்டரியில் ஏ, டிஃபெக்ட்டில் ஈ, டிஃபிஷியன்டில் ஐ. முன்பு பார்த்த அதே மெலிவுதான், அதனால் முதல் வேருக்கு ஆன நேரம் இதற்கு ஆகாது.